பொன்விழாவில் ஹட்ஷெப்சுட்

ஜூலை 7, திங்கள்

தாளாளர் சிதம்பரநாதன் எகிப்துச் சுற்றுலா முடிந்து திரும்பிவிட்டார். பிரமிடுகளுக்குச் சேதம் எதுவும் இல்லை என்று தெரிகிறது.

முதல் பீரியட் முடிந்ததும் அழைத்தார். மேசைக்குப் பின்னால், அவருடைய அப்பாவின் படத்துக்கும் மேலே, புதிதாக ஒரு சட்டம் தொங்கியது. பாப்பிரஸ் தாள். நீள்வட்டத்துக்குள் ஒரு ஆந்தை, ஒரு பாம்பு, ஒரு கை. அது அவருடைய பெயராம். மன்னர்களுடைய பெயரை மட்டும்தான் இப்படி வட்டம் போட்டு எழுதுவார்கள் என்று வழிகாட்டி சொன்னானாம். கெய்ரோ கடைத்தெருவில் பாப்பிரஸ் என்று விற்பதில் பாதி வாழைமட்டை என்று படித்திருக்கிறேன். தென்காசிக்காரர் ஒருவர் விமானம் ஏறிப் போய் வாழைமட்டை வாங்கி வந்திருக்கிறார். நன்றாக இருக்கிறது சார் என்றேன்.

"ராம்சேஸ்னு ஒருத்தர் மேடம். அறுபத்தாறு வருசம் ஆண்டிருக்காரு. எந்தக் கல்லைப் பாத்தாலும் அவரு பேருதான். அதுல்லா மேடம் மனுசன்."

அந்தக் கற்களில் பல, முன்பு ஆண்டவர்களுடையவை. ராம்சேஸ் அவற்றின் மேல் தன் பெயரை வெட்டச் சொன்னான். தனக்குப் பின்னால் வருகிறவன் தனக்கும் அதையே செய்துவிடக் கூடாது என்று மிக ஆழமாக வெட்டச் சொன்னான். இதைத் தாளாளரிடம் சொல்லவில்லை. அவர் தலைக்கு மேல் எரிந்த டியூப்லைட்டில் "உபயம்: சிதம்பரநாதன்" என்று கறுப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. எழுத்து போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் வருகிறது.

விஷயம் இதுதான். ஆவணியில் கல்லூரியின் பொன்விழா. நூலக மண்டபத்தில் எகிப்து மன்னர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். அதே மண்டபத்தின் சுவரில் நம் கல்லூரியின் ஐம்பது வருட வரலாறும் இருக்க வேண்டும். பாரோக்களும் நாமும் அடுத்தடுத்து. இருபத்திரண்டு வருடமாகப் பண்டைய நாகரிகங்கள் என்ற தாளை நான்தான் நடத்துகிறேன், அதனால் இரண்டும் என் பொறுப்பு.

எழுந்தபோது, "பிரின்சிபால் செப்டம்பரோட ரிட்டயர்டு மேடம். அடுத்து யாருன்னு விழா மேடையிலயே சொல்லிருவோம்னு பாக்கேன்" என்றார். ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கு அதிலெல்லாம் ஆர்வம் கிடையாது.

ஜூலை 9, புதன்

வரலாற்றுச் சுவருக்கான வரைவைக் கொண்டுபோனேன். அவர் பேனாவை எடுத்து நடுவில் ஒரு பத்தியை அடித்தார்.

"அப்பா, 1975ல இருந்து 88 வரைக்கும். அப்புறம் நான், 2008ல இருந்து. போதும்."

"நடுவுல இருபது வருசம் இருக்கே சார்."

"அது வளர்ச்சி மேடம். 'தொடர் வளர்ச்சி'ன்னு எழுதி ஒரு அம்புக்குறி போட்டுருங்க."

"காந்திமதி அம்மா..."

"சித்தி பேரு வேண்டாம். நூலகத்துல இருக்க கல்லுலயும் அந்தப் பேரு போகணும். கல்வேலைக்கு ஆளு சொல்லியாச்சு." பிறகு குரலை இறக்கி, "நீங்க பிரின்சிபாலா வரப்போறவங்க. இதெல்லாம் பக்குவமா முடிச்சுக் குடுங்க" என்றார்.

சரி என்றேன்.

ஜூலை 10, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "சரி என்றேன்" என்பதில் தவறு ஒன்றும் இல்லை. நிர்வாகம் சொல்கிறது, ஆசிரியர் செய்கிறார்.

இந்த நாட்குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் வரலாற்றுக்காரி என்பதால் பின்னணியைக் குறித்துவைக்கிறேன். நிறுவனர் ஆவுடையப்பன் இறந்தபோது மகன் சிதம்பரநாதனுக்கு ஒன்பது வயது. பையனின் அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நிறுவனரின் இரண்டாம் மனைவி காந்திமதி அம்மாள் தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது வருடம் எழுந்திருக்கவில்லை. நூலகம், ஆய்வுக்கூடங்கள், பெண்களுக்குப் பேருந்து எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. பிறகு மகன் கேட்டார், கொடுத்துவிட்டார்.

எனக்கும் அவருக்கும் தனிப்பட்ட முறையில் ஒன்றும் இல்லை. என்னை வேலைக்கு எடுத்தவர், அவ்வளவுதான். நேர்முகத் தேர்வில் குழுவிலிருந்த ஒருவர், "வீட்டுக்காரர் எங்க இருக்காரு? சேர்ந்து இல்லையோ?" என்று கேட்டார். காந்திமதி அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்து, "அவரையா வேலைக்கு எடுக்கப்போறோம்?" என்றார். நல்ல தர்க்கம். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு வகுப்பு. ஹட்ஷெப்சுட். கணவரான மன்னர் இறந்தார். வேறொரு மனைவியின் மகன் மூன்றாம் துட்மோஸ் சிறுவன். அவனுக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவள் தானே பாரோ ஆனாள். சிலைகளில் ஒட்டுத்தாடிகூட வைத்துக்கொண்டாள். சுமார் இருபது வருடம். அவள் இறந்து வெகுகாலம் கழித்து, மகனுக்கு வயதான பிறகு, அவள் பெயரைச் சுவர்களிலிருந்து கொத்தி எடுத்தார்கள்.

பாடத்திட்டத்தில் இந்த வாரம் இதுதான் வருகிறது. நான் வேண்டுமென்று எடுக்கவில்லை.

முன்வரிசைப் பெண் கேட்டாள்: "மேடம், பேரையே அழிச்சிட்டாங்கன்னா நமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அழித்தவர்கள் சோம்பேறிகள் என்றேன். கர்னாக் கோயிலில் அவள் நிறுத்திய ஊசித்தூணை உடைக்கச் சோம்பல்பட்டு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். வெயிலும் மழையும் படாமல் உள்ளே எழுத்து புதிதுபோல இருந்தது. மனிதர்கள் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் வரலாற்றுத் துறையே இருந்திருக்காது. வகுப்பு சிரித்தது. முன்வரிசைப் பெண் மட்டும் எழுதிக்கொண்டாள். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் இழப்பாள்.

ஜூலை 19, சனி

ஆடித் தள்ளுபடி. ஒரு பட்டுச் சேலை வாங்கினேன், அரக்கு நிறம். விலை குறைவு என்பதால் மட்டும். தமிழ்த்துறை ஜெயராணி கூட வந்திருந்தாள். "யக்கா, இது பிரின்சிபால் கட்டுத சேலைல்லா" என்றாள். கடைக்காரர் முன்னால் இப்படியா பேசுவது. ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அளவு ரவிக்கை கொடுக்கத் தையற்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் காந்திமதி அம்மாள் வீட்டுக்குப் போனேன். சரியாகச் சொன்னால் அது வழியில் இல்லை. ஆட்டோக்காரர் சுற்றிப் போனார்.

எண்பது வயதில் முழங்கால் மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மற்ற எல்லோரும் கேட்கிறார்கள்.

"என்ன வடிவு, இளைச்சுட்டே. இன்னும் அந்த மெஸ் சோறுதானா?"

"நல்லாத்தான் இருக்கு அம்மா."

"ஒனக்கு எதுதான் நல்லா இல்ல? பொன்விழாவாமே. எகிப்து ராசாக்கள வரவழைக்கானாம்."

ஆமாம் என்றேன். சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காபி கொடுத்தார். பழைய எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளிப்புள்ளியாக யாருடைய பெயரோ வெட்டியிருந்தது, பாதி தேய்ந்து "பிர" என்று மட்டும் தெரிந்தது. காபி நன்றாக இருந்தது. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

மோட்டார் பழுது. குழாயில் தண்ணீர் இல்லை. பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கித் தண்ணீர் பிடித்துவைத்தேன். அதில் "வீ. செண்பகவடிவு" என்று என் பெயர் பெரிதாக இருக்கிறது. கல்யாணச் சீர். மூன்றாம் வருடம் நான் திரும்பி வந்தபோது பாத்திரங்களும் பின்னாலேயே ஒரு லாரியில் வந்தன. பெயர் வெட்டியிருந்ததால் அவர்களுக்கு உபயோகப்படவில்லை. அடுத்து வருகிறவள் பார்த்தால் என்ன நினைப்பாள்? நல்லெண்ணம்தான்.

அண்டா ஒழுகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தெர்மக்கோலில் நாலு பாரோக்கள் தயார். துட்டன்காமனின் முகமூடிக்கு மாணவிகள் கண்மை கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார்கள். திருவிழாவில் வரும் பெண் வேடம்போல இருக்கிறான். அவன் ஆட்சேபிக்கவில்லை.

கல்வேலைக்குச் சொரிமுத்து என்பவர் வந்தார். நூலக மண்டபத்தின் வாசல் சுவரில் ஆள் உயரக் கருங்கல் பலகை. "தாளாளர் திருமதி காந்திமதி அம்மாள் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது, 1991." அந்தப் பெயரை மட்டும் கொத்தி எடுக்க வேண்டும். சொரிமுத்து வாசித்துப் பார்த்தார். உளியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டீச்சரம்மா, இவுக உசுரோடதான இருக்காக?"

"ஆமா."

"உசுரோட இருக்க மனுசி பேருல உளி வைக்கமாட்டேன். எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு."

தாளாளரை அழைத்தேன். அவர் கூலியை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. கடைசியில், பெயரைத் தொடாமல் கல்லை அப்படியே பெயர்த்து வேறெங்காவது எடுத்துப் போய் வைக்கலாமா என்று தாளாளர் கேட்டார். "அதுக்கென்ன, தாராளமா எடுக்கலாம்" என்றார் சொரிமுத்து. பெயரை அழிப்பது பாவம், கல்லோடு கடத்துவது வேலை. சாஸ்திரத்தில் எப்போதும் ஒரு சந்து இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

நாலு பேர் சேர்ந்து கல்லைப் பெயர்த்தார்கள். தாளாளர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். வெளியே சாரல். கல்லைச் சுவரிலிருந்து விலக்கி, கயிற்றில் கட்டி, மெதுவாகத் திருப்பிச் சாய்த்தார்கள்.

பின்பக்கம் காரை அப்பியிருந்தது. காரைக்குள் எழுத்து.

சொரிமுத்து கையால் தட்டிவிட்டார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. "பிரமு அம்மாள் மகளிர் விடுதி, 1982." நேற்று வெட்டியதுபோல இருந்தது.

கர்னாக்கிலும் இப்படித்தான். ஒரு பாரோவின் கோபுரத்துக்குள் நிரப்பிய கற்களைப் பிரித்துப் பார்த்தால் முந்தைய பாரோவின் கோயில். எனக்கு ஒரு ஆராய்ச்சியாளரின் மகிழ்ச்சி வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தாளாளரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவர் கல்லுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா" என்றார்.

சொரிமுத்து கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விடுதி வாசல்ல இருந்துது மேடம். அம்மா போனப்புறம் அப்பா என்னைத் தூக்கிட்டுப் போயி இந்த எழுத்தெல்லாம் தொட வைப்பாரு. 'பி'ங்கிற எழுத்த நான் இதுலதான் படிச்சேன். ஏழாம் கிளாஸ் லீவுக்கு வந்து பாக்கேன், கல்லக் காணோம். ஒடஞ்சிட்டுன்னு சித்தி சொன்னா."

அவர் விரல் "பி" மேல் இருந்தது. வாழைமட்டையில் ராஜமுத்திரை வாங்கியவர் இவர்தானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

எழுந்தபோது பழைய குரல் வந்துவிட்டது. "இந்தப் பக்கம் வெளிய தெரியணும். சித்தி பக்கம் செவுத்தப் பாக்கட்டும். பின்னால சிமெண்ட் ஊத்தி ஒரேயடியா ஒட்டிருங்க. இனி எந்தக் காலத்துலயும் யாரும் பெயர்க்கக் கூடாது."

ஆகஸ்ட் 7, வியாழன்

காந்திமதி அம்மாளைப் பற்றி நான் நினைத்துவைத்திருந்தது முழுவதும் சரியில்லை போலிருக்கிறது. மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காந்திமதி அம்மாளுக்கு விழா அழைப்பிதழ் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். தாளாளர் தானே போகத் தயங்குகிறார் என்று ஜெயராணி சொன்னாள். பாரோக்கள் தூதர்களை அனுப்புவது வழக்கம்தான்.

காந்திமதி அம்மாள் அழைப்பிதழைப் பிரிக்கவே இல்லை.

"கல்ல எடுத்துட்டானாமே."

"ஆமா."

"பின்பக்கம் பாத்தானா?"

"பாத்தாரு."

கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ கல்லு வெல சாஸ்தி. ஒரு கல்லு மிச்சம்னுதான் திருப்பிப் போடச் சொன்னேன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மாணவிகளிடம் நான் கையாளும் முறை இது. பேசாமல் இருந்தால் மீதியும் வரும்.

"சரிட்டி, பொய்தான். அப்படிப் பாக்காத." உள்ளே பார்த்து, காபி கொண்டுவரச் சொன்னார். வந்த டம்ளரை வாங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதப் படி."

புள்ளிப்புள்ளியாக, தேய்ந்து, "பிரமு".

"அவ கொண்டுவந்த சீரு. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு எனக்குப் பாலும் பழமும் இதுலதான் குடுத்தாங்க. சோறு வடிக்கிற பானையில அவ பேரு. குத்துவெளக்குல அவ பேரு. குளிக்கிற செம்புல அவ பேரு. நாப்பது வருசமா தெனமும் அவ பேரத்தான் கழுவிக் கவுத்துதேன். பாத்திரத்துல உள்ளத அழிக்க முடியுமா? ஓட்டையாயிரும். கல்ல மட்டுந்தான் திருப்ப முடிஞ்சுது."

"உடைச்சிருக்கலாமே அம்மா?"

"உடைக்க மனசு வரல." பிறகு உடனே, "கல்லு வெல சாஸ்தின்னு சொன்னேம்லா" என்றார்.

காபி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டேன்.

சிமெண்ட் பூசப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தலையை ஆட்டினார். "அவன் மொறை" என்றார். கிளம்பும்போது, "நீ இதுல தலையிடாத வடிவு. ஒனக்கு அந்த நாற்காலி வரணும்" என்றார். எல்லோருக்கும் என் நாற்காலியைப் பற்றித்தான் கவலை. எனக்கு மட்டும்தான் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ரவிக்கை வந்துவிட்டது. கை கொஞ்சம் இறுக்கம். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொரிமுத்துவிடம், பூச்சு காய்வதற்குள் விழா வந்துவிடும், ஈரச் சிமெண்டில் ஆள் உயரக் கல்லை நிறுத்தினால் தலைமை விருந்தினர் தலையில் விழுந்தாலும் விழும் என்று சொன்னேன். இதைத் தாளாளரிடமும் சொல்லும்படி சொன்னேன். அவர் சொன்னார். இரும்புச் சட்டத்தில் தற்காலிகமாக நிறுத்த அனுமதி கிடைத்தது. எங்கே நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை.

மண்டபத்துக்கு நடுவே நிறுத்தினோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

விழாவுக்கு முந்தைய நாள். தாளாளர் பார்வையிட வந்தார். ராம்சேஸிடம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வரலாற்றுச் சுவருக்கு வந்தார். அவர் சொன்னபடி, அப்பாவின் படம், "தொடர் வளர்ச்சி", அம்புக்குறி. அந்த அம்புக்குறி அவர் படத்தை நோக்கிப் போகவில்லை. சுவரை விட்டு இறங்கி, சிவப்பு நாடாவாகத் தரையில் ஊர்ந்து, மண்டபத்தின் நடுவில் நின்ற கல்லின் அடியில் போய் முடிந்தது. அங்கிருந்து இன்னொரு நாடா கிளம்பிச் சுவர் ஏறி அவர் படத்துக்கு வந்தது.

"என்ன மேடம் இது?"

"அம்புக்குறி சார். நீங்கதான் போடச் சொன்னீங்க."

"கல்ல செவுத்தோரமா வைக்கச் சொன்னேன்."

"சுவத்துல வச்சா ஒரு பக்கந்தான் தெரியும். மியூசியத்துல ரெண்டு பக்கமும் எழுத்து இருந்தா நடுவுலதான் சார் நிறுத்துவாங்க."

என்னையே பார்த்தார். "பிரின்சிபால் ஆகணுமா வேண்டாமா மேடம்?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் இவ்வளவு நேராக என்னைக் கேட்டதில்லை. "ஆகணும் சார்" என்றேன். என் குரல்தான். "ஆனா கல்லு அங்கதான் இருக்கும்."

அழைப்பிதழ் போயாயிற்று, பந்தல் போட்டாயிற்று, கல்லைத் தூக்க ஆள் இல்லை. "விழா முடியட்டும். முடிஞ்சதும் அது செவுத்துக்குப் போகும்" என்றார். அவர் கதவைச் சாத்தியபோது துட்டன்காமனின் மூக்கு விழுந்துவிட்டது. பசை வைத்து ஒட்டினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பொன்விழா. பட்டுச் சேலை கட்டவில்லை, ஃபால்ஸ் தைக்காத சேலை காலைத் தடுக்கும்.

தலைமை விருந்தினர் வரத் தாமதம். அந்த நேரத்தில்தான் காந்திமதி அம்மாள் கைத்தடியோடு மண்டபத்துக்குள் வந்தார். நான் மூலையில் பாரோக்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தரையில் கிடந்த சிவப்பு நாடாவைப் பார்த்தார், அதைப் பின்தொடர்ந்தே கல்வரைக்கும் வந்தார். தன் பெயர் இருந்த பக்கத்தைப் பார்க்காமல் சுற்றிப் பின்பக்கம் போனார். அந்த நேரத்தில் வாசல் வழியாக உள்ளே வந்த தாளாளர் முன்பக்கம் நின்றுவிட்டார். நடுவில் கல். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"எழுத்து நல்லா வெட்டியிருக்கான்" என்றார் காந்திமதி அம்மாள், "பிரமு" என்ற எழுத்தின் மேல் கையை வைத்து. "செதம்பரம், நான் ஒடைக்கல. திருப்பித்தான் வச்சேன்."

இந்தப் பக்கத்தில் தாளாளர், சித்தியின் பெயரைப் பார்த்தபடி நின்றார். "ஒடஞ்சிட்டுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எத்தன நாள் அந்தத் தோட்டத்துல துண்டு கெடக்கான்னு தேடினேன் தெரியுமா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது. "மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்யா."

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்தது. தலைமை விருந்தினர் வந்துவிட்டார். தாளாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மேடையில் அடுத்த முதல்வர் பெயரை அறிவித்தார்கள். கணிதத்துறைத் தலைவர். நல்ல மனிதர், கூட்டல் நன்றாகத் தெரியும். கைதட்டினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தாளாளர் மனம் மாறியிருப்பார் என்று ஜெயராணி பந்தயம் கட்டினாள். கட்டியிருக்க வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை சொரிமுத்து வந்து கல்லைச் சுவரில் ஒட்டவேண்டும். காந்திமதி பக்கம் உள்ளே, சிமெண்ட், நிரந்தரம். "நான் யாரையும் மன்னிக்கல மேடம்" என்றார் தாளாளர். நான் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாலை கடைக்குப் போனேன். கொசுவத்தி, சோப்பு, மஞ்சள்தூள், குங்குமம். கடைக்காரர், "என்ன டீச்சர், வீட்டுல விசேசமா?" என்றார். சளிக்கு மஞ்சள் நல்லது என்றேன். குங்குமத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்துவிட்டேன். பேருந்து சீக்கிரம் வந்துவிட்டது.

பத்து மணிக்கு ஒரே சலசலப்பு. நூலகக் கல்லுக்கு யாரோ இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. விடுதிப் பெண்களாக இருக்கும் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். விடுதிப் பெண்கள் மூன்றாம் ஆண்டு மாணவிகளைச் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகள், சாமியே வந்து வைத்துக்கொண்டது என்றார்கள். மதியத்துக்குள் கல்லின் அடியில் செவ்வந்திப் பூ. மாலைக்குள் ஒரு பெண் ஹால் டிக்கெட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். கல் நடுவில் நிற்பதால் சுற்ற வசதியாக இருக்கிறது. இவர்களுக்கா நான் பட்டம் வாங்கிக் கொடுக்கிறேன் என்று வேதனையாக இருந்தது.

"யக்கா, வெரல்லாம் என்ன மஞ்சளா இருக்கு?" என்றாள் ஜெயராணி.

"சமையல்."

"நீங்களா?"

செப்டம்பர் 2, செவ்வாய்

சொரிமுத்து சிமெண்ட் மூட்டையோடு வந்தார். கல்லைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சிமெண்ட் மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றினார்.

"பொட்டு வச்ச கல்ல எவனாவது தொடுவானா டீச்சரம்மா?"

வேறு ஆள் பார்க்கச் சொல்லித் தாளாளர் ஆலங்குளம் வரை ஆள் அனுப்பினாராம். யாரும் வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

செமஸ்டர் நெருங்குகிறது. கல்லுக்குப் பாவாடை கட்டிவிட்டார்கள், இரண்டு பக்கப் பெயரும் தெரியும்படி மேலே விட்டு. "ரெட்டை அம்மன்" என்று பெயர். பிரமு பக்கம் நின்றால் கணக்குத் தேறும், காந்திமதி பக்கம் நின்றால் ஆங்கிலம் தேறும் என்று பேச்சு. வரலாறு தேற எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

இரும்புச் சட்டத்தின் அடியில் புதிதாக ஒரு பித்தளைத் தகடு: "உபயம்: தாளாளர் சிதம்பரநாதன்." எழுத்து மிக ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது. இன்று காலை நான் போனபோது அவர் அங்கே நின்றிருந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றும்போது காந்திமதி பக்கத்தையும் தாண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பட்டுச் சேலையை இன்றுதான் கட்டினேன். சும்மா பெட்டியில் கிடந்தால் மடிப்பில் இற்றுப்போகும். அப்படியே காந்திமதி அம்மாள் வீடு வரைக்கும் போனேன். அது வழியில் இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

"நேத்து செதம்பரம் வந்தான்" என்றார். "உக்காரல. குத்துவெளக்கக் கேட்டான். அவங்க அம்மாவோடது. எடுத்துட்டுப் போன்னேன். ரெண்டுல ஒண்ண எடுத்துட்டு ஒண்ண வச்சுட்டுப் போயிட்டான்."

காபி வந்தது, அதே டம்ளரில். அவர் என் சேலையைப் பார்த்தார், பிறகு என் விரல்களைப் பார்த்தார். ஒரு மாதமாகிறது, விரலில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தார்.

"ஒனக்குத்தான் சாமி நம்பிக்கை கெடையாதே வடிவு?"

"கிடையாது அம்மா."

"பின்ன?"

எகிப்தில் மன்னர்களைக் கடவுளாக்கிவிடுவார்கள், பாடத்திட்டத்தில் மூன்றாம் அலகு என்றேன்.

"ஆக்கினா மட்டும்? அந்த ராணி பேரக் கொத்தித்தான எடுத்தாங்க. நீதான் அன்னைக்கு ஒருநா சொன்னே."

அவர்களுக்குச் செமஸ்டர் பரீட்சை கிடையாது என்றேன்.

அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். செம்பில் "பிரமு" என்று இருந்தது.